ஆகஸ்ட் முதல் நான்

பைசாண்டு தொழிற்பள்ளியில் ஜூலை விடுமுறை.
ஹீட்டர் பாதி அறைக்குத்தான் எட்டுகிறது.
மீதிப் பாதியில் நான், கோட்டைக் கழற்றாமல்.
சுற்றிலும் முப்பத்தொரு கணினிகள்
வட்டு துடைக்கப்பட்டு,
தம் பெயர்கூடத் தெரியாமல்.

பகலெல்லாம் ஒன்றை மட்டும் சீராட்டினேன்.
வரைபட மென்பொருள், அச்சுப்பொறி,
‘என்யே’ எழுத்து சரியான விசையில்.
மாலையில் அதை அப்படியே பிம்பமாக எடுத்து
சர்வரில் வைத்தேன். பதினெட்டு ஜிபி.

இனி அது ஒரே முறைதான் பேசும்.
ஒரு வாய், முப்பத்தொரு ஜோடிக் காது.
தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால்
விடிந்துவிடும், பழைய சுவிட்சும் வெந்துவிடும்.
எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணுகிறது:
முப்பது.
முப்பது.
முப்பது.
ஒன்பதாம் எண்ணின் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
முப்பத்தொன்று.

தொடங்கியது. உடனே ஊர்ந்தது.
ஒன்பதின் நெட்வொர்க் கார்டு கிழடு.
என்ன? என்ன சொன்னாய்? என்று
அது கேட்கும் ஒவ்வொரு துண்டுக்கும்
மற்ற முப்பதும் வாய் மூடிக் காத்திருக்கின்றன.
இப்படி ஒரு வகுப்பை நான் மனிதர்களில் கண்டதில்லை.
நாலு சதவீதத்தில் என் பொறுமை தீர்ந்தது.
கேபிளை உருவினேன்.
மற்றவை பறந்தன.
கொஞ்சம் குற்ற உணர்வு. கொஞ்சம்தான்.

பதினொன்றே முக்காலுக்குத் திரைகள் விழித்தன,
ஒன்றை உரித்து ஒன்று வைத்தாற்போல.
எல்லாம் ஒரே பெயரைச் சொல்லின: மாதிரி.
அதற்கு என்னிடம் மருந்து உண்டு.
இதற்குத்தான் இல்லை:
ஒவ்வொரு திரையின் மூலையிலும்
மத்தியானம் நான் தட்டிவிட்டு மறந்த
ஒரு மஞ்சள் குறிப்பு.

“மதிப்பிற்குரிய இயக்குநர் பெந்தாங்கூர் அவர்களுக்கு,
ஆகஸ்ட் முதல் நான்”

அவ்வளவுதான். அப்போது யாரோ ஃபோன் செய்துவிட்டார்கள்.

முப்பது நான்.
ஒன்றுக்குக்கூட வினைச்சொல் இல்லை.

ஒரு வரிக் கட்டளை போதும், எல்லாம் போய்விடும்.
எழுதினேன். என்டரைத் தட்டவில்லை.
முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்து முடித்துப் பார்த்தேன்:
ஆகஸ்ட் முதல் நான் சனிக்கிழமை வரமாட்டேன்.
நாலாவதில்: ஆகஸ்ட் முதல் நான்
புதிய சுவிட்ச் இல்லாமல் எதையும் தொடமாட்டேன்.
ஏழாவதில்: ஆற்றுக்கு அக்கரையில், அர்ஜென்டினாவில், இருப்பேன்.
பதினொன்றில் எழுதியதை உடனே அழித்தேன்.
பதினெட்டில்: மதியச் சாப்பாட்டை
சூடாகச் சாப்பிடுவேன்.

கக்கத்தில் தெர்மாஸை இடுக்கியபடி
இரவுக் காவலர் வில்மார் வந்தார்.
படித்தார். எந்தக் கடிதம் என்று கேட்கவில்லை.
மாத்தேயை ஊற்றி நீட்டிவிட்டு
இருபத்திரண்டின் முன் அமர்ந்து
இரண்டு விரலால் தட்டினார்:
ஆகஸ்ட் முதல் நான் பகல் ஷிப்டு.

“நேலிடா, இது எல்லாத்துக்கும் போகுமா?”
“போகாது. பேசுவது சர்வர் மட்டும்தான்.
இவை கேட்கும், அவ்வளவுதான்.”
“எங்க ஆபீஸ் மாதிரி” என்றார்.
நான் குடித்து முடிக்கும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்டர்.
மஞ்சள்கள் அணைந்தன, அவருடையதும் சேர்த்து.
“ச்சே” என்று மட்டும் சொன்னார்.
சாவிக்கொத்துச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்துபோனது.

ஒன்பதை மறுபடி செருகினேன்.
இப்போது சர்வர் அதனிடம் மட்டும் பேசுகிறது,
கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு.
அவசரமில்லை. ஹீட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.
மூன்று மணி. நாற்பத்தொரு சதவீதம்.

விடிவதற்குள் அதன் மூலையிலும் அந்த வரி வந்துவிடும்.
ஒன்பதுக்கான கட்டளையை
இன்னும் எழுதவில்லை.